நெபுலாவுக்குத் தொங்கிய எட்டு மரக்கால் நெல்

இயற்பியல் துறைப் பிள்ளைகள் பழைய நோட்டுகளை எல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். போன வாரம் அவர்களில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் என் வீட்டுக்கு வந்து, கைபேசியில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள்.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். கோழி கிளறின மாதிரி வேறு யாருக்கு எழுத வரும்? தொலைநோக்கியை ஓட்டும் எடையைக் குறிக்கும் கட்டத்தில் இப்படி இருந்தது: 'எடை சீராகத் தொடங்கியது. காரணம்: வீட்டில் உலை வைத்தது. நேரம்: மாலை 6.25.'

"ஆராய்ச்சிக் குறிப்புல சோறு எப்படிங்க ஐயா வந்துச்சு?" என்று அந்தப் பெண் கேட்டது. கூட வந்த பையன், "அதைப் பத்தித் துறை மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கடைசியில இளைஞர்களுக்கு ஒரு செய்தியும் வேணும்" என்றான். அப்புறம், நான் கேட்காமலே, அவன் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். முக்கோணக் கேலக்ஸியின் ஓரத்தில் இருக்கும் நெபுலா, செக்கச் செவேலென்று. மொட்டை மாடியில், லுங்கியோடு உட்கார்ந்து, இருபது நிமிஷத்தில் எடுத்ததாம். நடுவில் தேநீர் குடிக்கக் கீழே வேறு போய் வந்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், மறைப்பானேன்?

ஆகவே எழுதுகிறேன். செய்தி கிய்தி எல்லாம் கிடையாது. நடந்தது மட்டும்தான்.

நான் எப்படி அந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், அதில் பெருமை ஒன்றும் இல்லை. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் வயலில் கூலி வேலை. நானும் நாற்றுப் பறிக்கப் போயிருப்பேன், ஆனால் குனிந்தால் எனக்கு மூக்கில் ரத்தம் வரும். அதனால் தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கல்யாணப் பெண்ணின் முகப்பருவைப் பென்சிலால் மறைப்பது, மாப்பிள்ளைக்கு மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவது, மற்ற நேரமெல்லாம் இருட்டறையில் படம் கழுவுவது என்று நான்கு வருஷம் ஓடியது. ஒருநாள் நடேசன் சார் அங்கே வந்தார். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். இருட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "நீங்க இருட்டுல எவ்வளவு நேரம் பேசாம இருப்பீங்க?" என்று கேட்டார்.

"முதலாளி சம்பளம் குடுக்கற வரைக்கும் சார்" என்றேன்.

அடுத்த மாதமே கல்லூரியில் எனக்குத் தற்காலிக வேலை. தற்காலிகம் என்பதால் சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவும் எழுத்தர் ஊரில் இருந்தால்.

நடேசன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உலகத்தில் யாரையும் 'நீ' என்று சொன்னதில்லை. பண்ணைக் கூலிக்காரன் மகனான என்னை, அந்தக் காலத்தில், "முருகையன், வாங்க, உக்காருங்க" என்றவர் அவர் ஒருவர்தான். முதல் நாள் நான் என் பின்னால் வேறு யாரோ முருகையன் நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, கல்லூரி நாய்க்கும் அவரிடம் அதே மரியாதைதான். நட்சத்திரங்களுக்கும் அப்படியே. "அவங்க மேல வந்துட்டாங்களா பாருங்க" என்பார். யாரோ சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போயிருக்கிறேன்.

இன்னொன்று, அவர் எல்லாவற்றையும் எழுதுவார். படம் எடுக்கும்போது நடக்கிற ஒவ்வொன்றும், நேரத்தோடு, காரணத்தோடு அந்த நோட்டில் ஏற வேண்டும். ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம்: '7.14: முருகையன் தும்மல். காரணம்: பனி. 7.15: மீண்டும் தும்மல். 7.16: எதிர்பார்த்தோம். வரவில்லை.'

தொலைநோக்கி மூன்றாம் மாடியில், மேலே திறந்து மூடுகிற தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருந்தது. பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி. எங்கள் கல்லூரிக் கமிட்டித் தலைவர் ஒரு மிராசுதார். அவருடைய தாத்தா ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் அதை வாங்கி, எதற்கு என்று தெரியாமல் வைத்திருந்து, கடைசியில் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்.

நெபுலா என்பது வானத்தில் ஒளிர்கிற வாயு மேகம். நம் பக்கத்தில் இருப்பதையே எடுப்பது பாடு. நடேசன் சார் ஆசைப்பட்டதோ இன்னொரு கேலக்ஸிக்குள் இருக்கிற நெபுலா. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர இருபத்தைந்து லட்சம் வருஷத்துக்கும் மேல் ஆகும். "அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காங்க. நாம ரெண்டு மணி நேரம் கண்ணைத் திறந்துவெச்சு வரவேற்க மாட்டோமா?" என்பார்.

வரவேற்பது இப்படி. சிவப்பு வெளிச்சத்தை வாங்கக்கூடிய கண்ணாடித் தட்டுகள் வெளிநாட்டிலிருந்து வரும். அவற்றைக் குளிரில் வைக்க வேண்டும். கல்லூரியில் இருந்த ஒரே குளிர்பெட்டி விலங்கியல் துறையுடையது, அதில் தவளைகள். ஆகவே தவளை, தவளை, எங்கள் தட்டு, தவளை என்று அடுக்கி வைத்திருந்தோம். தட்டை எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன். அடுத்து, கூரையைத் திறந்து, தட்டைத் தொலைநோக்கியில் பொருத்தி, மூடியைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பூமி சுற்றுகிறது, வானம் நகர்கிறது. கூடவே தொலைநோக்கியும் துளி பிசகாமல் நகர வேண்டும். சரியாக நகர்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிலந்தி இழைகள். அந்த இழைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது ஓடாமல் சார் கண் வைத்திருப்பார். சிலந்தி பிடிப்பது என் வேலை. இழை அறுந்தால் விடுதிக் கழிப்பறைக்கு ஓடுவேன், நல்ல ரகம் அங்கேதான் கிடைக்கும்.

தொலைநோக்கியை நகர்த்துவது ஒரு கடிகாரப் பொறி. அதை ஓட்டுவது கயிற்றில் தொங்கி மெதுவாக இறங்கும் ஓர் எடை. ஆதியில் அது ஈயக்குண்டு. யாரோ உருக்கி விற்றுவிட்டார்கள். புதிய குண்டுக்கு எழுதிப் போட்டோம். எழுதிப் போட்டது போட்டபடியே கிடந்தது. கடைசியில் மிராசுதாரே பெருமையாக ஒரு வழி சொன்னார். "என் தாத்தா குடுத்த டெலஸ்கோப்பு, என் களத்து நெல்லுல ஓடட்டுமே!" பச்சை மையில் அவர் பெயரின் முதலெழுத்துகள் போட்ட சாக்கில் எட்டு மரக்கால் நெல் வந்து இறங்கியது.

எல்லோருக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. நட்சத்திரம் முந்தினால் ஒரு கைப்பிடி நெல்லைப் போடு, பின்தங்கினால் ஒரு கைப்பிடியை எடு. நானும்கூட இதைவிடச் சுலபம் உண்டா என்று நினைத்தேன். ஆனால் படம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் போயிற்று. மார்கழியில் வானம் தெளிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தட்டுகளைப் பாழாக்கினோம். கழுவிப் பார்த்தால் எல்லா நட்சத்திரங்களும் நெல்மணி மாதிரி நீள நீளமாக இருந்தன. பொறி ஒரு நாள் போல ஒரு நாள் ஓடவில்லை. ஒரே நாளில்கூட ஏழு மணிக்கு ஒரு வேகம், எட்டரைக்கு ஒரு வேகம். சார் நோட்டில் 'காரணம்' கட்டம் காலியாகவே இருந்தது. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். மீதி இருந்தது இரண்டு தட்டுகள்.

தை பிறந்ததும் மிராசுதார் மாடிக்கு வந்தார். தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய மறுவாரமே வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டவர் அவர். எதிலும் தாமதம் பிடிக்காது.

"சார், தை அமாவாசைக்குள்ள ஒரு படம். இல்லன்னா மாசி ஒண்ணாந்தேதி இந்த ரூமு கமிட்டி ஆபீஸு. ஃபேன் மாட்ட ஆளு சொல்லியாச்சு" என்றார். போகிறபோது என்னைப் பார்த்து, "டேய், நீயும் அன்னிக்கே மூட்டையைக் கட்டிக்கலாம்" என்றார்.

அப்போது எங்கள் வீட்டில் அந்தத் தற்காலிகச் சம்பளத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரை மரக்கால் நெல் கூட்டித் தர வேண்டும் என்று சுற்றுப்பட்டு ஆட்கள் எல்லோரும் அரிவாளைக் கீழே வைத்திருந்தார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அதில் உண்டு. யாருடைய வயல்? இதே மிராசுதாருடையதுதான். வயல் விளைந்து சாய்ந்து நிற்கிறது, எங்கள் குதிரில் ஒரு மணி இல்லை. எனக்கு இரண்டு தங்கைகள். ஐந்து பேரும் வாய்க்கால் நண்டும் கீரையுமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். நண்டு நல்ல ருசிதான். ஒன்பதாவது நாளும் நண்டு என்றால் அதன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்காது.

அப்படி ஒரு நண்டு நாளில், அம்மா கேட்டார்: "எட்டு மரக்கா நெல்லைக் கயித்துல கட்டித் தொங்கவுட்டு என்னடா பண்றாங்க அங்க?"

"அது மெதுவா இறங்கும்மா. அது இறங்குனா டெலஸ்கோப்பு திரும்பும்."

"நெல்லுங்கறதால திரும்புதா, கனங்கறதால திரும்புதா?"

"கனங்கறதாலதான்."

"அப்ப வெண்ணாத்துல மண்ணுக்கா பஞ்சம்? வானத்தைப் பார்க்கறதுக்கு மண்ணு தொங்குனா ஆவாதாமா?"

நண்டை வாயில் வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர், எம்.எஸ்ஸி. படித்தவர்கள் மூன்று பேர், ஒரு முழுக் கமிட்டி, போதாததற்கு நான். கல்லூரிக்குப் பின்னால் ஆறே ஓடுகிறது, மணல் மணலாகக் கிடக்கிறது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை! கனம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரன் மனதில் நெல் மூட்டைதான் வந்து நிற்கும். வேறு எதுவும் வராது.

"அது திருட்டும்மா" என்றேன்.

"களத்துல நாங்க அடிச்ச நெல்லுடா அது" என்றார் அம்மா.

அதன் பிறகு நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். தட்டு கொண்டுபோகும் கறுப்புத் துணிப் பை ஒன்று என்னிடம் இருந்தது. அதை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும் என்று சாரே எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தார். அதில் மூன்று மதியங்களில் நெல் முழுவதும் வீட்டுக்குப் போயிற்று. ஆற்று மணல் ஈரமாக இருந்தால் காயக் காய எடை குறையுமே என்று, கடலை வறுக்கிற மாதிரி அம்மா அதை இருப்புச் சட்டியில் வறுத்துத் தந்தார். விடுதிச் சமையலறைத் தராசில் எடுத்த நெல்லுக்குச் சரியாக மணலை நிறுத்துப் போட்டேன். எடை சரியாக இருந்தது, ஆனால் மூட்டை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதை நான் யோசிக்கவில்லை. அவசரத்துக்குத் துறையில் கிடந்த பழைய விடைத்தாள்களைக் கசக்கி அடைத்தேன். அந்தக் கனத்துக்குக் கொஞ்சம் மணலைக் கழித்துக்கொண்டு, மேலாக இரண்டு கைப்பிடி நெல்லைத் தூவி வாயைக் கட்டினேன்.

முதல் நாள் கொண்டுபோன நெல்லை அம்மா அப்போதே உரலில் குத்திப் புடைத்து உலை வைத்தார். வட்டிலில் சோறு விழுந்ததும் என் சின்னத் தங்கை காரணமே இல்லாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். ஏது என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை சார் மூட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"முருகையன், இவங்க கொஞ்சம் இளைச்ச மாதிரி இல்ல?"

"பனி சார்" என்றேன்.

"பனியில இளைப்பாங்களா?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தை பிறந்ததிலிருந்து தினமும் செய்கிற மாதிரியே, அன்றும் தட்டு இல்லாமலே பொறியை ஓட்டிவிட்டு, நட்சத்திரத்தைப் பார்த்து நோட்டில் என்னவோ எழுதினார்.

தை அமாவாசை வந்தது. மிராசுதார் ஜரிகைத் துண்டோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார், எங்களுக்கு வழியனுப்பு விழா நடத்த வந்தவர் மாதிரி. ஏழு மணிக்குத் தட்டின் மூடியைத் திறந்தோம். சார் சின்னக் குழாயில் கண்ணை வைத்தார். மூலையில் சிவப்புத் தாள் சுற்றி, தொலைநோக்கியின் வாய்க்கு எட்டாதபடி தரையில் வைத்த ஒரு சின்ன விளக்கு மட்டும். பத்து நிமிஷத்தில் மிராசுதார் குறட்டை விட ஆரம்பித்தார். சார் மெல்ல, "7.11. எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஏழு ஐம்பதுக்கு ஜீப் சத்தம். படியில் தடதடவென்று காலடி. கையில் பெரிய டார்ச்சோடு வழங்கல் தாசில்தாரும், அவருக்குப் பின்னால் டவாலிச் சேவகர் ஒருவரும் உள்ளே நுழைந்தார்கள். நெல் பதுக்கல் பிடிப்பதில் புது அரசு மும்முரமாக இருந்த நேரம் அது.

"யாரும் நகரக்கூடாது! மாடியில நெல்லு பதுக்கியிருக்கறதா மொட்டைக் கடுதாசி வந்திருக்கு."

சார் கண்ணை எடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "தம்பி, வெளிச்சத்தை அணைங்க. இல்லன்னா இருபத்தஞ்சு லட்சம் வருஷத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். தாசில்தாருக்கு என்ன தோன்றியதோ, டக்கென்று அணைத்துவிட்டார்.

சிவப்பு விளக்கில் மூட்டை கயிற்றில் தொங்கியது. தாசில்தார் அதைப் பார்த்து, "இது யாரு நெல்லு?" என்றார்.

குறட்டை நின்றது. மிராசுதார் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார்.

"சாக்குல உங்க எழுத்துப் போட்டிருக்கே?"

"சாக்கு என்னுது. உள்ள இருக்கறது யாருதோ."

"இறக்குய்யா மூட்டையை" என்றார் தாசில்தார்.

"இறக்காதீங்க" என்றார் சார். "அவங்க தொங்குனாத்தான் இந்தத் தொலைநோக்கி நகரும். ஒன்பது மணிக்கு மேல தாராளமா கூட்டிக்கிட்டுப் போங்க."

தாசில்தார் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் யோசித்து முடிப்பதற்குள் டவாலி, மூட்டையில் குத்தி நெல்லைச் சோதிக்கும் இரும்பு ஊசியை உருவி, அடியில் ஒரு குத்துக் குத்திவிட்டார்.

சரசரவென்று கொட்டியது. நெல் சத்தம் இல்லை அது. டவாலி உள்ளங்கையில் பிடித்து விளக்கருகே கொண்டுபோனார். "ஐயா, மண்ணுங்க!"

"மண்ணா! என் நெல்..." என்று மிராசுதார் துள்ளி எழுந்தார்.

"உங்க நெல்லா?" என்றார் தாசில்தார், ஆவலோடு.

மிராசுதாரின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. "என்னுதா? யாரு சொன்னா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தேன். அப்போது சார், "முருகையன், எடை குறையுது. நட்சத்திரம் முன்னால ஓடறாங்க" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தவிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாய்ந்துபோய் ஓட்டையில் ஆள்காட்டி விரலைச் சொருகினேன்.

"தூக்காதீங்க, இழுக்காதீங்க. விரல் மட்டும் இருக்கட்டும்" என்றார் சார். "தம்பி, கீழ விழுந்த மணலைத் தயவுபண்ணி மேல வழியா திருப்பிப் போடுறீங்களா?"

அந்தத் தாசில்தார் இருக்கிறாரே, அவர் குனிந்து, தரையில் சிந்திய மணலை ஒரு பருக்கை விடாமல் அள்ளி, மூட்டையின் வாயை அவிழ்த்தார். முதலில் கொஞ்சம் நெல் தட்டுப்பட்டது. அடுத்து ஒரு விடைத்தாள் வந்தது. விளக்கருகே பிடித்து வாசித்தார். "'வெப்பம் என்றால் சூடு.' இதுக்கு ஒரு மார்க் போட்டிருக்கீங்களே சார்?"

"தப்புன்னு சொல்ல முடியலையே" என்றார் சார், கண்ணை எடுக்காமல்.

மணலைப் போட்டதும் நட்சத்திரம் திரும்பி வந்து நின்றது. நான் மூச்சு விட்டேன். தாசில்தார் மூச்சு விடவில்லை. "அப்ப உள்ள இருந்த நெல்லை எடுத்தது யாரு?" என்றார்.

விரல் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டு, கையும் களவுமாக என்பதற்குப் படம் போட்ட மாதிரி நான் நிற்கிறேன். இன்றோடு வேலை போயிற்று, ஜெயிலும்கூட இருக்கலாம், தங்கைகளுக்கு மறுபடி நண்டுதான் என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

"எடுத்ததுன்னா முதல்ல யாராவது வெச்சிருக்கணும்" என்றார் சார். "யாரு வெச்சாங்க?"

எல்லோரும் மிராசுதாரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். "நான் வைக்கல" என்றார்.

"அப்ப யாரும் எடுக்கல" என்றார் சார்.

தாசில்தார் சிரிப்பை அடக்க முடியாமல், சோதனையில் கண்டதை எழுதும் மகஜர் தாளை எடுத்தார். 'கல்லூரி மாடியில் மணல் மூட்டை ஒன்று. நெல், இரண்டு கைப்பிடி. பதுக்கல் இல்லை' என்று எழுதி, மிராசுதாரிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கினார்.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. மூட்டை இறங்க இறங்க நானும் இறங்க வேண்டும். எட்டு மணிக்கு நின்றுகொண்டிருந்தேன். எட்டேகாலுக்கு இடுப்பு வளைந்தது. எட்டரைக்குக் குந்தியிருந்தேன். கொசு காதுக்குள் கச்சேரி வைத்தது. மூக்கு அரித்தது, டவாலி சொறிந்துவிட்டார், அது வேறு பக்கம். எட்டேமுக்காலுக்கு மண்டியிட்டேன். கடைசியில் மல்லாந்து படுத்து, வயிற்றுக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது அடித்ததும் சார் மூடியை மூடினார். நோட்டில் அது இருக்கிறது, பிள்ளைகளே, பார்த்துக்கொள்ளுங்கள்: '7.54: முருகையனின் விரல் உள்ளே. 9.00: விரல் வெளியே.'

தட்டைக் கழுவியது நான்தான். வீங்கிய விரலோடு. அந்த ரகத் தட்டுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது, கும்மிருட்டில் செய்ய வேண்டும். இருட்டில் கடிகாரம் தெரியாது என்பதால் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே சீராகச் சொல்லி நேரம் கணக்கிடுவேன். கணக்கில் தோற்றவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். கரைசலில் தட்டைச் சாய்த்து, நிமிர்த்தி, சாய்த்து, நிமிர்த்தி. அலம்பி, அடுத்த கரைசலில் போட்டு, மறுபடி அலம்பி, கதவைத் திறந்தேன். வாசலில் சார், தாசில்தார், டவாலி மூன்று பேரும் பிரசவ ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி நின்றார்கள். மிராசுதார் கொஞ்சம் தள்ளி நின்றார்.

விளக்குக்கு எதிரே தட்டைத் தூக்கிப் பிடித்தேன். நட்சத்திரங்கள் கடுகு மாதிரி, உருண்டை உருண்டையாக. ஒன்றுகூட நெல்மணி மாதிரி இல்லை! நடுவில் சுருண்ட புகை போல அந்தக் கேலக்ஸி. அதன் ஓரத்தில் அழுத்தமாக ஒரு புள்ளி.

"வந்துட்டாங்க" என்றார் சார். அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தட்டைப் பிடித்திருந்த என் மணிக்கட்டை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், ரொம்ப நேரம் விடவே இல்லை.

படி இறங்கும்போது மிராசுதார் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "டேய்... எட்டு மரக்கால்டா!"

"எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்றேன்.

படம் வந்துவிட்டதால் அறை தப்பியது, என் வேலையும் தப்பியது. மாசியில் கூலி உடன்பாடு ஆனது, கேட்ட அரை மரக்கால் கிடைத்தது. பிறகு அந்தப் படத்தை மிராசுதாரே பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. இரவெல்லாம் தூங்காமல், விடிந்ததும் சாரிடம் போய், "சார், அந்த நெல்லு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டைத் திறந்து என் முன் வைத்தார்.

"நெல்லுன்னா பனியைக் குடிச்சுக் கனம் ஏறுவாங்க, வெயில்ல இறங்குவாங்க. அதனாலதான் நாலு தட்டு போச்சு. எனக்குப் புரியவே இல்ல. திடீர்னு ஒரு நாள்லேருந்து பொறி நிதானத்துக்கு வந்துச்சு, மூணாம் நாள் முழுசா சீராயிட்டுது. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், உள்ள இருக்கறவங்க பனி குடிக்காதவங்கன்னு." பேனாவை என் பக்கம் தள்ளினார். "அந்த முதல் நாளுக்கு எதிர்ல 'காரணம்' கட்டம் காலியா இருக்கு. எனக்கு ஊகம்தான் தெரியும். பார்த்தவங்கதான் எழுதணும்."

எவ்வளவோ எழுதலாம் என்று நினைத்தேன். திருடினேன் என்று எழுதலாம். மணல் போட்டேன் என்று எழுதலாம். கடைசியில், 'வீட்டில் உலை வைத்தது' என்று எழுதினேன்.

சார் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன்.

"நேரம் போடலையே?" என்றார்.

"தெரியலையே சார்."

"கேட்டுட்டு வாங்க."

ஏழு மைல் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போய், அம்மாவிடம் அன்றைக்கு எத்தனை மணிக்கு உலை வைத்தாய் என்று கேட்டேன். பைத்தியமா என்பது போலப் பார்த்தார். "சாயங்கால பாசஞ்சர் போனதும் வெச்சேன்டா. அஞ்சு பேருக்கும் சேத்துப் பெரிய பானையில வெச்சேன். அதையும் அந்தப் புண்ணியவான்கிட்ட எழுதிக்கச் சொல்லு" என்றார்.

எங்கள் ஊரைப் பாசஞ்சர் ரயில் தாண்டுவது ஆறு இருபதுக்கு. ஆகவே 6.25. பெரிய பானை என்பதை எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை. அதைத்தான் இங்கே எழுதினேன்.